பட்டி பூசி விற்ற கார்

கொடைக்கானலில் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தபோது என்னிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. வருஷத்தில் பாதி நாள் மேகத்துக்குள் நனைந்து நின்ற வண்டி. இடது முன்சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகரம், ஃபெண்டர் என்பார்கள், உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து, விரலால் அழுத்தினால் பொத்துக்கொள்கிற நிலைக்கு வந்துவிட்டது. விற்பதென்று முடிவானதும் ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து, ஓட்டைக்குள் பழைய விடைத்தாள்களைக் கசக்கித் திணித்தேன். மேலே பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளைப் பெயின்ட் அடித்தேன். வேலை சுத்தமாக வந்தது. அன்றைக்கு அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

வாங்கியவர் பேத்துப்பாறைக்காரர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். கூலி வேலைக்குப் போய்க்கொண்டே, குத்தகை நிலத்தில் பீன்ஸ் போட்டிருந்தார். அவர் மகள் என் வகுப்பில் படித்தாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை.

"வாத்தியார் ஓட்டுன வண்டி, இதுல என்னத்தப் பாக்குறது சார்" என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். என்ன பதில் சொல்லலாம் என்றும் அதற்குள் யோசித்துவிட்டேன்.

"மன்னிச்சுக்கங்க சார். நீங்க நல்லா வச்சிருந்த வண்டிய நான் கெடுத்துப்புட்டேன். மரத்தடியிலயே நிப்பாட்டி வச்சேன், முன்னாடி தகரம் பொங்கிப்போய்க் கெடக்கு. நல்ல டிங்கரிங் கடை எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

உண்மையைச் சொல்ல அது சரியான நேரம். நான், "வாங்க, நானும் வர்றேன்" என்று மட்டும் சொன்னேன்.

பெருமாள்மலையில் இருந்த டிங்கரிங் கடைக்குப் போனோம். கடைக்காரர் திருப்புளியால் ஃபெண்டரை ஒரு நெம்பு நெம்பினார். பட்டி பாளம்பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. பின்னாலேயே ஈரக் காகித உருண்டைகள்.

"தகரமே இல்லண்ணே இங்க. பேப்பரத் திணிச்சு, மேல பட்டி வச்சு மூடியிருக்காங்க. இது ஒரு மழையில வந்ததில்ல, பல வருஷத்துத் துரு" என்றார்.

ஓர் உருண்டை என் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. சிவப்பு மையில் என் கையெழுத்து அதில் தெரிந்தது. காலை நகர்த்தி அதன்மேல் வைத்துக்கொண்டேன்.

பேத்துப்பாறைக்காரர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகமே இல்லை, எனக்காக வருத்தப்பட்டார்.

"உங்களுக்கு வித்தவன் உங்களையும்ல ஏமாத்தியிருக்கான் சார்."

"இருக்கும்" என்றேன்.

பட்டி பூசியதைவிட, ஓட்டையை மறைத்து விற்றதைவிட, அந்த ஒரு சொல்தான் இன்றைக்கும் என்னைக் குன்ற வைக்கிறது.

மறுநாளே திண்டுக்கல்லில் பழைய வண்டிச் சாமான் கடைகளில் தேடி, அதே மாதிரி காரிலிருந்து கழற்றிய நல்ல ஃபெண்டர் ஒன்றைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தேன். கடைக்காரர் அதை மாட்டிப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார். பேத்துப்பாறைக்காரரோ, வாத்தியார் தானே அலைந்து வாங்கிவந்தார் என்று கண்கலங்கினார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த ஞாயிறு சொல்லிவிடுவதென்றே பேத்துப்பாறைக்குப் போனேன்.

அவர் தோட்டத்தில் இருந்தார். அவர் மனைவி மட்டும் வீட்டு முன்னால் உட்கார்ந்து பீன்ஸ் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். இனியும் தள்ளிப்போட்டால் சொல்லமாட்டேன் என்று தோன்றியது. அந்த அம்மாவிடமே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை. முற்றிய காய்களைத் தனியாகப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"இத அவருகிட்ட சொல்லத்தான் வந்தீங்களா?"

"ஆமாம்மா."

"சொல்ல வேணாம். வாத்தியார் நமக்காக திண்டுக்கல் வரைக்கும் போனாருன்னு ஊரெல்லாம் கதச்சுக்கிட்டுத் திரியுறாரு. இப்பச் சொன்னா உங்க பாரம் எறங்கிரும், நீங்க போயிருவீங்க. அவரு பொறகு யாரத்தான் நம்புவாரு?"

வெட்கமாக இருந்தது. அதோடு, சொல்ல வேண்டியதில்லை என்றதும் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி பரவியதே, அது இன்னும் வெட்கம்.

சற்று நேரத்தில் அவர் கணவர் தோட்டத்திலிருந்து வந்துவிட்டார். பஸ்ஸுக்கு நிற்க விடவில்லை. "ஏறுங்க சார், வெரசா கொண்டுபோய் விட்டுர்றேன்" என்று முன்சீட்டில் உட்காரவைத்து வீடு வரைக்கும் ஓட்டிவந்தார். வழியெல்லாம் மகளின் படிப்பைப் பற்றிப் பேசினார். நான் தலையாட்டிக்கொண்டு வந்தேன்.

அவரிடம் இதுவரை சொல்லவில்லை. எப்போதாவது பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மாவைப் பார்க்கிறேன். முன்பெல்லாம் எழுந்து நின்று, "வணக்கம் சார்" என்பவர். இப்போது உட்கார்ந்தபடியே "நல்லாயிருக்கீங்களா?" என்று கேட்கிறார். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை கிடையாது. சார் என்பது மட்டும் இல்லை.