வாலு கழற்றிய நாட்கள்

வாலு கழற்றுவது யாருக்கும் வரும். திரும்பப் பூட்டிய பிறகு தரையில் ஒரு வாசர் மிச்சம் கிடக்கும் பாருங்கள், அப்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதில்தான் தொழிலே இருக்கிறது. நட்டும் ஸ்பேனருமாகக் காலம் தள்ளும் சகோதரர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்குப் பத்தொன்பது வயது. இந்த வயதில் 'அந்தக் காலத்திலே' என்று ஆரம்பித்தால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். இப்போது நானுஓயாவில் ஒரு கராஜில், லொறிகளுக்கு அடியில் படுத்துக் கிடக்கிறேன். மழை பிடித்துவிட்டால் போதும், கொட்டகலைப் பக்கத்து அந்தத் தேயிலை ஃபேக்டரி ஞாபகம் வந்துவிடுகிறது. மலைக்கு மேலே ஓர் அணை. அங்கிருந்து இரும்புக் குழாயில் தண்ணீர் இறங்கி வந்து சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் மெஷின்களை ஓட்டும். நடுவில் நின்று தண்ணீரைக் கூட்டிக் குறைப்பதுதான் எங்கள் வாலு. வெளியூரில் வால்வு என்பார்களாம்.

அதைக் கழற்றி, கழுவி, தேய்த்துப் பூட்டும் மெக்கானிக் பியசேன பாஸுக்கு நான் கையாள். மூன்று மாதம் ஒழுங்காக இருந்தால் செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேட்டில் என் பெயர் ஏறும், ஃபேக்டரி வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் மலையில் புல் வெட்டப் போக வேண்டும். அந்த 'ஒழுங்காக'தான் எனக்கு ஆகாத சொல்.

எந்த வாலு?

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. சேட்டை செய்கிற பிள்ளை வாலு. ஆகவே நான் வாலு. டீமேக்கர் ஐயாவுக்கும் அது தெரியும். ஃபேக்டரிக்கே பெரியவர் அவர். முதல் நாள் காலையில் நான் ஓரமாக நின்று சுருள்கம்பி ஒன்றைக் காதில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது உள்ளே வந்தார். "பியசேன, மொதல்ல இந்த வாலைத் தூக்கி வெளியில வை. இது இப்படி இருந்தா ஃபேக்டரி ஓடாது" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. யாரும் தூக்குவானேன் என்று நானே வெளியே போய்த் தூறலில் நின்றேன். பாஸ் நட்டுகளையெல்லாம் தனியாகக் கழற்றி, கனத்த வாலைத் தனியாக இழுத்து வாசலுக்குக் கொண்டுவந்து பார்த்தால், அங்கே நனைந்த கோழியாக நான். மனிதர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்டுக் கேட்டார்: "மல்லி, உன்னை யாரு கழட்டினது?"

வாலுக்குக் கயிறு

வாலின் தண்டைச் சுற்றித் தண்ணீர் கசியாமலிருக்கக் கொழுப்பில் ஊறிய கயிறு ஒன்றைத் திணிப்போம். அதை வாங்க என்னைக் கொட்டகலைக் கடைவீதிக்கு அனுப்பினார் பாஸ். காசிம் நானா கடையில் ஆணி முதல் அத்தர் வரை கிடைக்கும். நானா வாயைத் திறப்பதற்குள் நானே அவர் குரலில், "வாங்க மகன், மழையில நனையாம உள்ளுக்கு வாங்க" என்று என்னை வரவேற்றுக்கொண்டேன்.

நானா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். வாலுக்குக் கயிறு வேண்டும் என்றேன். மனிதர் சிரிக்கவே இல்லை: "எந்த வாலுக்கு மகன்? ஃபேக்டரியில இருக்கிற வாலுக்கா, கடையில வந்து நிக்கிற வாலுக்கா? ரெண்டாவதுண்டா நானே கட்டித் தாறேன்."

மீன் கணக்கு

ஃபேக்டரிக்கும் அணைக்கும் இடையே, உலக யுத்த காலத்து மிச்சமாக, கைப்பிடி சுற்றிப் பேசும் டெலிபோன் ஒன்று இருந்தது. மேலே மதகைத் திறந்து மூடுபவர் பழனியாண்டி அண்ணன். ஒருநாள் வேலை குறைவு, வாய் சும்மா இருக்கவில்லை. கைப்பிடியைச் சுற்றி, தோட்டத்தை ஆளும் வெள்ளைக்காரத் துரையின் குரலில், "பலனியாண்டி! அணையில் எத்தனை மீன் இருக்குது? எண்ணு, மேன்!" என்றேன்.

சாயங்காலம் துரை ஃபேக்டரிக்கு வந்திருந்த நேரம். பழனியாண்டி அண்ணன் மலையிறங்கி வந்து தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். "தொரைகளே, மன்னிக்கணுங்க. எண்ண எண்ண ஓடிப்போவுதுங்க." துரை டீமேக்கரைப் பார்த்தார். டீமேக்கர் என்னைப் பார்த்தார். துரை போன பிறகு என் காதைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இனிமே தொரை கொரல் உன் வாயில வந்துச்சு, மறுநாளே நீ புல்லு வெட்டுற."

துரை பேசுகிறார்

மூன்றாவது மாதம் முடியும் தறுவாய். பகல் சங்கு ஊதியதும் மதகைத் திறந்துவிடும்படி டீமேக்கர் காலையிலேயே பழனியாண்டி அண்ணனிடம் சொல்லிவிட்டு, கொழுந்து வாட்டும் மாடிக்குப் போய்விட்டார். நாங்கள் வாலைப் பூட்டிக்கொண்டிருந்தோம். ஸ்பிரிங் சறுக்கியது. பாஸின் விரல்கள் உள்ளே மாட்டிக்கொண்டன. அந்த நேரம் பார்த்துச் சங்கு ஊதியது. தண்ணீர் வந்தால் கை போய்விடும்.

ஓடிப்போய்க் கைப்பிடியைச் சுற்றினேன். "அண்ணே, தொறக்காதீங்க! பாஸ் கை உள்ள இருக்கு!"

"மீன் எண்ண வச்ச பயதானே? வைடா கீழ."

புல் வெட்டினால் வெட்டுகிறேன் என்று துரை குரலைப் போட்டேன். அந்தப் பக்கம் சிரிப்பு. "நல்லாத்தான் பேசுற. இன்னும் எத்தன மீனுடா?"

பின்னால் சப்பாத்துச் சத்தம். சுற்றிப் பார்க்க வந்த அசல் துரை! எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். போனைப் பிடுங்கி, "பலனியாண்டி! தொரை பேசுறது! தண்ணி தொறக்க வேணாம்!" என்று கத்தினார். பதில் எனக்கும் கேட்டது: "போடா வாலு, மொதல்ல பேசுனதுதான் தொரை மாதிரி இருந்துச்சு. இது சரியில்ல. நான் தொறக்கப் போறேன்."

துரையின் கையிலிருந்து போனை வாங்கினேன். மலையில் பறித்த கொழுந்தை நிறுக்க வரும்போது ஃபேக்டரியே அதிரப் பேசும் ராக்காயி அக்கா, பழனியாண்டி அண்ணனின் சம்சாரம், என் தொண்டையில் வந்து உட்கார்ந்தார். "ஏய்யா! அந்த மதகுல கைய வச்சுப் பாரு, இன்னிக்கு வீட்டுப் படி ஏற முடியாது! உக்காரு அப்படியே!"

அந்தப் பக்கம் ஸ்டூல் இழுபடும் சத்தம். பிறகு, "தொடவே இல்ல புள்ள... உக்காந்துட்டேன் புள்ள."

ஸ்பிரிங்கை நெம்பி விட்டோம். பாஸின் கை வந்தது, தோல்தான் உரிந்திருந்தது. அதற்குள் மாடியிலிருந்து இறங்கி வந்த டீமேக்கர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "தொரை கொரல் போடக் கூடாதுன்னு சொல்லியிருந்தேனுங்க, இவன் நாளைக்கே மலைக்குப் போவட்டும்" என்றார். துரை தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்: "வேணாம், மேக்கர், பேர் போடு. இவன் தொரை நம்மளவிட நல்ல தொரை. ஆனா அந்தப் பொம்பளை மாதிரி நம்மகிட்ட பேச வேணாம் சொல்லு."

தோட்டத்தில் துரை சொன்னால்தான் இலைகூட அசையும் என்பார்கள். தண்ணீர் விஷயத்தில் மட்டும் அவருக்கு மேலே ஓர் அதிகாரி கூடையோடு மலையில் நின்றுகொண்டிருந்தார்.