கறுத்த வாழைப்பழமும் கடைக்கார அண்ணையும்

இன்று பாரிஸில், நம் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், வழக்கமாகப் போகும் மரக்கறிக் கடையில் கறுத்துப்போன வாழைப்பழங்களாகப் பார்த்து எடுத்தேன். கடைக்கார அண்ணை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏன் தங்கச்சி, நல்ல பழம் கிடக்குதே? படமெடுத்துப் பேஸ்புக்கிலை போடவோ?”

“இல்லை அண்ணை, கேக் அடிக்க. அதுக்குக் கறுத்த பழம்தான் நல்லா இனிக்கும். அமெரிக்காவிலை ஆமிஷ் எண்டு கரண்ட் பாவிக்காத சனம் செய்யிறது.”

“கரண்ட் இல்லாமல் கேக்கோ?”

அவருக்குச் சந்தேகம் கூடிவிட்டது.

மாலையில் கேக்கைச் சூட்டோடு கடைக்குக் கொண்டுபோய் நீட்டினேன். முகர்ந்து பார்த்தார்.

“முதல்லை நீங்கள் சாப்பிடுங்கோ.”

சாப்பிட்டேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், பிறகு ஒரு துண்டு எடுத்தார். பிறகு இன்னொன்று.

“எப்பிடி அண்ணை?”

“இன்னும் நம்பிக்கை வரேல்லை. மிச்சத்தையும் வைச்சிட்டுப் போங்கோ, வீட்டிலை குடுத்துப் பாக்கிறன்.”

வெறும் தட்டோடு வீடு வந்தேன். அவருக்குப் பிடித்ததா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.