மன்னிப்பில்லாத பாவத்தை மொழிபெயர்த்த கதை

என் அக்கா ஏழு வருஷமாக நன்மை வாங்கவில்லை. ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருவாள், எல்லாப் பாட்டையும் பாடுவாள். அந்த நன்மையை, அதாவது சாமியார் தருகிற நற்கருணை அப்பத்தை வாங்க எல்லோரும் வரிசையாக எழும்போது மட்டும் உட்கார்ந்தபடியே இரண்டு முட்டியையும் ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொள்வாள், பஸ்ஸில் ஜன்னலோர ஆள் இறங்குவதற்கு வழிவிடுகிற மாதிரி. நான் அவளைத் தாண்டிப் போவேன், வாங்குவேன், திரும்பவும் தாண்டி வந்து உட்காருவேன். நன்மை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலிருந்து எதுவும் சாப்பிடக் கூடாதே, இவள் கிளம்பும்போது இட்லியை விழுங்கிவிட்டு வருகிறாள் போலிருக்கிறது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கூடப் பிறந்தவனின் கூர்மை அவ்வளவுதான்.

காரணத்தை அவளாகச் சொன்னது தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், மந்தைவெளி வீட்டில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது. மாமா, அக்காவின் வீட்டுக்காரர், ஆஸ்பத்திரியில் கடைசிக் கட்டத்தில் இருந்த சமயம் ஒரு ஜெபக்குழு வந்து அவர் தலையில் கைவைத்து ஜெபித்தது. 'இவர் நடந்தே வீட்டுக்குப் போவார் என்று ஆவியானவர் சொல்கிறார்' என்றார் அதில் ஒருவர். இரண்டாம் நாள் மாமா வீட்டுக்கு வந்தார். நடந்து வரவில்லை. துக்கம் கேட்க அதே குழு வந்து நின்றதும் அக்கா வெடித்துவிட்டாள். 'உங்க கூடப் பேசுறது பரிசுத்த ஆவி இல்ல, பிசாசு' என்றாள். கூட வந்த ஒரு அம்மாள் அவள் கையைப் பிடித்து, 'அதை மட்டும் சொல்லிடாதம்மா, அதுக்கு இம்மையிலயும் மறுமையிலயும் மன்னிப்பு கிடையாது' என்று மெதுவாகச் சொல்லியிருக்கிறார். அக்கா அதை இன்னொரு தடவை சொன்னாள்.

"வேணும்னே சொன்னேன்டா. தெரிஞ்சே சொன்னேன்," என்றாள், அவரைக்காய் நாரை உரித்தபடி.

எனக்கு வந்தது துக்கமில்லை, எரிச்சல். ஏழு வருஷம்! இங்கிலீஷ் டீச்சர், அறுபது பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்கார வைப்பவள், ஒரு அம்மாளின் ஒரு வாக்கியத்துக்குப் பயந்து முட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அன்றிலிருந்து வாதாட ஆரம்பித்தேன். அந்தப் பாவத்தைச் செய்துவிட்டோமோ என்று பயப்படுகிறவன் அதைச் செய்திருக்கவே முடியாது, பயமே அதற்கு அத்தாட்சி என்று எங்கோ படித்ததைச் சொன்னேன். பேதுரு இயேசுவை மூன்று முறை மறுதலித்தும் மன்னிக்கப்பட்டதைச் சொன்னேன். சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்ளனைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ சொன்னா எப்படிடா நம்புறது?" என்பாள்.

நியாயமான கேள்வி. பரீட்சையில் தோற்றதை ஒரு மாதம் மறைத்தவன் நான். அவளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அக்கா நன்றாக வீணை வாசிப்பாள் என்று அளந்தவன். எங்கள் வீட்டில் வீணையே கிடையாது. நாற்பது வருஷம் விளையாட்டுக்குப் பொய் சொன்னவன் ஒரே ஒரு நாள் உண்மையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தால், யாரும் கதவைத் திறப்பதில்லை.

அப்படியென்றால் வேறொருவர் சொல்லட்டும், கனமான ஆள் யாராவது. அதற்கும் ஒரு வழி வந்தது. தி. நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரு நாள் தியானக் கூட்டம். பேச வருபவர் பம்பாய்க்காரர், இங்கிலீஷ் மட்டும்தான் பேசுவார். மொழிபெயர்க்க ஆள் கேட்டார்கள். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தாவான எனக்கு அந்த வேலையில் கொஞ்சம் பெயர் உண்டு. மொழியறிவைவிட மிமிக்ரிதான் காரணம். போதகர் கையைத் தூக்கினால் நானும் தூக்குவேன். அவர் குரல் தழுதழுத்தால் எனக்கும் தழுதழுக்கும், அரை விநாடி தாமதமாக. நோட்டீஸில் தலைப்பு 'கிருபை' என்று இருந்தது. அக்காவைக் கெஞ்சிக் கூட்டிப்போய் மூன்றாம் வரிசையில் உட்காரவைத்தேன். மேடைக்குப் பின்னால் போதகரிடம், இன்று கிருபை மட்டும்தானே என்று ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்டுக்கொண்டேன். "கிருபை மட்டும்தான், சகோதரரே," என்று என் தோளைத் தட்டினார்.

முக்கால் மணி நேரம் கிருபைதான். விலையில்லாதது, தகுதி பார்க்காதது, மழை மாதிரி எல்லார் கூரையிலும் விழுவது என்றார். நானும் உருகினேன். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததைப் பார்த்ததும், சரி, வேலை முடிந்தது என்று மனசுக்குள் காபி குடிக்கவே ஆரம்பித்துவிட்டேன். அப்போதுதான் அவர் ஒரு விரலைத் தூக்கி, 'ஆனால்' என்றார்.

நானும் ஒரு விரலைத் தூக்கி அந்த 'ஆனாலை' மொழிபெயர்த்தேன். எல்லாக் கதவும் திறந்திருக்கிறது, ஒரு கதவு மட்டும் மூடிக்கிடக்கிறது என்றார். ஒழுங்காகச் சொன்னேன். ஆவியானவரின் வேலையைப் பிசாசின் வேலை என்று சொன்னவர்கள் யாராவது இந்த மண்டபத்தில் இருக்கிறீர்களா என்றார். அதையும் சொல்லித் தொலைத்தேன். மூன்றாம் வரிசையில் அக்கா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். பாதி பாடத்தில் மணி அடித்துவிட்டால் டீச்சர்கள் புத்தகத்தை மூடுவார்களே, அது போல. கோபம்கூட இல்லை அந்த முகத்தில்.

போதகர் முன்னாலிருந்த மேசையை ஓங்கித் தட்டி, அப்படிப்பட்டவன் திரும்பி வர வழியே இல்லை என்றார்.

நானும் ஓங்கித் தட்டினேன். "அப்படிப்பட்டவங்களுக்கும் திரும்பி வர வழி இருக்கு," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்காதே. "பஸ்ஸே இருக்கு," என்றேன்.

அவன் எவ்வளவு அழுதாலும் பரலோகம் கேட்காது என்றார். "அவன் அழவே வேணாம், அதுக்கு முன்னாலயே பரலோகம் கேட்டாச்சு." அவருடைய முகச்சுளிப்பு, அவருடைய உறுமல், நடுங்குகிற அவருடைய விரல், எல்லாம் அப்படியே. வார்த்தை மட்டும் நேர் எதிர். கிட்டத்தட்ட பத்து நிமிஷம் இது நடந்தது. இங்கிலீஷ் தெரிந்த பாதி மண்டபம் நெளிந்தது. தெரியாத பாதி மண்டபம் மூக்கைச் சிந்தியது. தமிழ் தெரியாத போதகர் ஜனங்கள் அழுவதைப் பார்த்து உற்சாகமாகி, "ஆமென்?" என்றார். எல்லோரும் "ஆமென்" என்றார்கள். அந்த ஆமென் அவருக்கா எனக்கா என்று இன்றுவரை தெரியவில்லை.

இறங்கியதும் மைக்செட்காரர் என் காதோரம் வந்தார். "இன்னா சார், அவரு ஒண்ணு சொல்றாரு, நீ ஒண்ணு சொல்லிக்கினு கீற?" என்றார். பிறகு ஒயரைச் சுருட்டிக்கொண்டே, "ஆனா உன்னுதுதான் நல்லா கீது," என்றார்.

கூட்டத்தை நடத்தியவர் ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி. அவருக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது. "தம்பி, தேவ ஊழியர் வாயிலேர்ந்து வந்ததை மாத்திச் சொல்லியிருக்கீங்க. ஆவியானவருக்கு விரோதமாப் பொய் சொல்லியிருக்கீங்க. இது என்ன பாவம்னு தெரியுமா?"

"தெரியும் சார். இப்பதானே அதை மொழிபெயர்த்தேன்."

அதோடு என் மேடை வாழ்க்கை முடிந்தது.

அக்காவும் நானும் பாண்டி பஜார் வெயிலில் பஸ்ஸுக்கு நின்றோம். அவள் புடவைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். எனக்கோ உள்ளுக்குள் பெருமை. ஒரு ஆத்துமாவை மீட்டாயிற்று அல்லவா. பஸ் ஏறி, உட்கார இடம் கிடைத்து, தேனாம்பேட்டை தாண்டிய பிறகு கேட்டாள்: "உன் மொழிபெயர்ப்புக்கு நூத்துக்கு எவ்வளவு போடறது?"

"ஏன்?"

"நான் இங்கிலீஷ் டீச்சர்டா."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பத்து நிமிஷமும் அது என் ஞாபகத்திலேயே இல்லை. ஊருக்கெல்லாம் தெரியும் அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று. இருபது வருஷமாக என் லீவ் லெட்டரையெல்லாம் திருத்திக் கொடுப்பவளே அவள்தான். யாருக்காகப் புளுகினேனோ, அந்த ஒருத்திக்கு முதல் வார்த்தையிலிருந்தே புரிந்திருக்கிறது.

"அந்த ரயில்வேக்காரர் உன்னை என்ன சொன்னார்?" என்றாள்.

"நானும் அதே பாவம் பண்ணிட்டேனாம். அதே லிஸ்டுதான்."

"போச்சு. நரகத்துலயாவது நீ இல்லாம நிம்மதியா இருக்கலாம்னு பார்த்தேன்."

"ஜன்னலோரம் எனக்கு."

அவள் சிரிக்கவில்லை. டிக்கெட்டை நாலாக மடித்தாள். பிறகு எரிச்சலாக, பள்ளிக்கூடத்தில் பேசுகிற குரலில், "நீயெல்லாம் போகமாட்ட. அக்கா அழக் கூடாதுன்னு உளறினதுக்கு ஒருத்தனை நரகத்துல போட்டா, அவர் என்ன கடவுள்?" என்றாள்.

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். தான் சொன்னதைத் தானே கேட்டுவிட்ட முகம்.  நான் வாயைத் திறந்திருந்தால் கெடுத்திருப்பேன். லஸ்ஸில் இறங்கி வீடு வரைக்கும் நடந்தோம். வழியில் கறிவேப்பிலை வாங்கினாள்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம், "கோயிலுக்கு வா, பாவசங்கீர்த்தனம் பண்ணணும்," என்றாள். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்குகிற வரிசையில் எனக்கு முன்னால் நின்றாள்.  ஏழு வருஷச் சுமை, உள்ளே அரை மணி நேரமாவது ஆகும் என்று நான் தூணில் சாய்ந்துகொண்டேன். ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்தாள், சிவந்த முகத்தோடு.

"மூணு அருள்நிறைந்த மரியேடா."

"என்னது?"

"அபராத ஜெபம். மூணு. அவ்வளவுதான். காதுல சரியா விழலையோன்னு எல்லாத்தையும் மறுபடி சொன்னேன். 'கேட்டுதும்மா, மூணு சொல்லிட்டு நாளைக்கு நன்மை வாங்கு'ங்கறார். ஆறாம் கிளாஸ்ல பக்கத்து வீட்டு மரத்துக் கொய்யா திருடினப்பகூட அஞ்சு குடுத்தாங்க. ஏழு வருஷத்துக்கு மூணா?"

நான் பார்த்த வரையில், இவ்வளவு கோபத்தோடு யாரும் இரட்சிக்கப்பட்டதில்லை.

பிறகு என் முறை. முட்டிபோட்டு, மேடையில் செய்ததைச் சொன்னேன். வலைக்கு அந்தப் பக்கம் சாமியார் இருமினார். சிரிப்பை இருமலாக்கினாரோ என்று எனக்குச் சந்தேகம். "அதுக்காக மனஸ்தாபப்படறியா, உள்ளபடி வருந்தறியா?" என்றார்.

யோசித்தேன். அந்த ஒரு இடத்தில் மட்டும் பொய் சொல்ல வரவில்லை. "இல்லை ஃபாதர். மறுபடி அந்த மேடையில ஏத்தினாலும் அதையேதான் சொல்வேன்."

"மனஸ்தாபம் இல்லாம நான் எப்படி மன்னிப்புக் குடுக்கறது? வருத்தம் வந்ததும் வா." கதவைச் சாத்திக்கொண்டு பூசைக்குக் கிளம்பிவிட்டார்.

வருத்தப்பட முயற்சி செய்யாமல் இல்லை. அன்று ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு முயன்றேன். காலையில் குளிக்கும்போது முயன்றேன். அந்த ரயில்வேக்காரரின் சிவந்த முகத்தை நினைத்தால் கொஞ்சம் வரும். அடுத்த நொடியே கைப்பை ஜிப் இழுபடுகிற சத்தம் கேட்கும், வந்ததும் போய்விடும்.

மறுநாள் பூசையில் நன்மை நேரம் வந்தது. பெஞ்சில் அக்கா எனக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தாள். எழுந்தாள். நான் இரண்டு முட்டியையும் ஒரு பக்கமாக ஒதுக்கினேன். தாண்டும்போது என் கால் கட்டைவிரலை நன்றாக மிதித்தாள்.

"இன்னும் வருத்தம் வரலையா?" என்றாள் குனிந்து.

"வரலை."

"முயற்சி பண்ணு," என்று சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றுகொண்டாள்.