மாம்புரிச் சேற்றில் ஒரு வழிகாட்டி

காட்டுப்பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்ட ஜிபிஎஸ் தேடிய நான், பல வழிகள் ஏற்கெனவே பதிந்திருக்கின்றன என்ற ஒரே காரணத்துக்காக, கற்பிட்டி மீனவர் ஒருவரின் பழைய கருவியை வாங்கிய புத்திசாலி. அது காட்டும் வழிக்கோட்டை நம்பி, கடல்நீர் தேங்கும் மாம்புரிக் களப்போரம் இறங்கியதும் முன்சக்கரம் சேற்றில் புதைகிறது. பதறிக் குதிக்கிறேன், முழங்கால்வரை நானும் புதைகிறேன். காலை இழுக்க இழுக்க ஆழம் கூடுகிறது. திரையின் அம்புக்குறி மட்டும் களப்பின் நடுவையே காட்டுகிறது.

"அசையாதீங்க நானா! மல்லாந்து படுங்க!" வலையோடு வந்த ஒருவர் கயிற்றை எறிகிறார்.

"மவுத்தாக முந்தி கலிமா சொல்லவா?" என்கிறேன், சாவு வந்துவிட்டதென்றே நினைத்து.

"அத பொறகு சொல்லலாம், இப்ப கயித்தப் புடிங்க."

இழுத்துப் போட்ட கரையில் நான் சேறும் சகதியுமாய்க் கிடக்க, அவர் கருவியைத் துடைத்துப் பார்க்கிறார். "இது தோணி போற வழி. வழியில ஒரு பிழையும் இல்ல நானா, நீங்கதான் பைக்கில வந்திட்டீங்க."