மூன்று முறையும் வெள்ளைத் தாள்

என் மேசை இழுப்பறையில் ஒரு பழுப்பு உறை கிடக்கிறது. உள்ளே ஒரு தாள். காற்றை உறிஞ்சும் மெஷினில் அதை மாட்டி ஒரு நாள் முழுக்க ஓட்டினால், காற்றிலுள்ள தூசி அம்புட்டும் அதில் படிந்துவிடும். லாரி போகிற ரோட்டோரம் வைத்தால்கூடச் சாம்பல் ஏறிவிடும். இந்தத் தாள் மட்டும் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. இதை வைத்துத்தான் ஒரு நல்ல மனுஷன்மேல் பழி போட்டேன்.

அவரை எங்கள் காற்றுப் பரிசோதனை ஆய்வகத்தில் எல்லோரும் பீல்டு சார் என்போம். பட்டாளத்திலிருந்து வந்தவர், பேச்சு குறைவு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மெஷினை ஏற்றிக்கொண்டு அவரும் நானும்தான் போவோம். என் அக்காவை ராஜபாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. அவள் தெருவை ஒட்டி, பேண்டேஜ் துணி வெளுக்கும் யூனிட் ஒன்று. அத்தானுக்கு அங்கே பாய்லரில்தான் வேலை. விறகோடு பழைய டயர், பஞ்சுக் கழிவு, பிளாஸ்டிக் சாக்கு என்று கையில் கிடைத்ததையெல்லாம் உள்ளே தள்ளுவார்கள். டயரிலிருந்து வரும் கந்தகப் புகை மூச்சுக்குழாயைச் சுருக்கும், கண்ணுக்குத் தெரியாத நுண்தூசி நெஞ்சின் அடிவரை இறங்கும் என்பதை நான் புத்தகத்தில் படித்தேன். அக்கா படிக்காமலேயே தெரிந்துகொண்டாள். இன்ஹேலர் இல்லாமல் அவளால் மாடிப்படி ஏற முடியாது. தெருக்காரர்கள் மனுக் கொடுத்ததும் சோதனை எங்களிடம் வந்தது. தாள் கறுத்தால் யூனிட்காரர்கள் புகையை வடிகட்டியே ஆகவேண்டும். வெள்ளையாகவே இருந்தால் எல்லாம் சுத்தம் என்று ரிப்போர்ட் போய்விடும். எனக்கு அந்தத் தாள் கறுத்தே ஆகவேண்டும், அக்காவின் மூச்சு அதில்தான் இருந்தது.

முன்கூட்டி யாருக்கும் சொல்லக்கூடாது என்பது கண்டிப்பு. யூனிட்டுக்குக் கிழக்கே ஒரு கல்யாண மண்டபத்தின் மொட்டைமாடியில், யார் கண்ணிலும் படாமல் மெஷினை வைத்தோம். மறுநாள் எடுத்தால் தாள் வெள்ளை. அடுத்த மாதமும் வெள்ளை. மூன்றாம் முறையும் அதே கதைதான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவனோ துப்புக் கொடுக்கிறான்! சாரை நோட்டம் விட ஆரம்பித்தேன். போன் வந்தால் தள்ளிப்போய்ப் பேசுகிறாரே, ஏன்? யூனிட் வாசலில் மேனேஜரோடு என்ன டீ வேண்டிக்கிடக்கிறது? ஒருநாள் அங்கிருந்து ஒரு பொட்டலத்தோடு வெளியே வந்தார். அது, படுக்கையில் கிடந்த அவர் அம்மாவின் புண்ணுக்கு வாங்கிய கட்டுத்துணி என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அன்றைக்கு என் கண்ணுக்கு அது லஞ்சமாகத்தான் பட்டது. பெரியவரிடம், அதாவது ஆய்வக முதலாளியிடம், நேராகப் போய்ச் சொல்லிவிட்டேன். மறுவாரமே சாரைக் களப்பணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். சார் சண்டை போடவில்லை. மெஷின் சாவியை என் மேசையில் வைத்து, “பில்டர் தாளை ஈரக் கையால தொடாதீங்கம்மா” என்றார். பத்து நாளில் வேலையையும் விட்டுவிட்டார்.

அடுத்த சோதனை நாளில் ஒரு மாற்றம். எப்போதும் முதல்நாளே அக்காவுக்கு போன் போட்டுவிடுவேன். அக்கா வீட்டுப் பக்கம் போய்விட்டுச் சாப்பிடாமல் திரும்பினால் அவள் ஒரு மாதம் பேசமாட்டாள். “ஏட்டி, வாரதுன்னா முதநாளே சொல்லிரு, உங்க அத்தான் மீன் வாங்கியாரணும்ல” என்பாள். அந்த முறை என் போன் ரிப்பேர், சொல்ல முடியவில்லை. மறுநாள் தாளை எடுத்தேன். கரிச்சட்டி அடிப்பாகம் மாதிரி இருந்தது.

அதை உறையில் போட்டேன். அப்படியே அக்கா வீட்டுக்குப் போனேன். தாளைப் பார்த்ததும் அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். “நீ வாரேன்னு சொன்னா, மேனேஜர்ட்ட சொல்லி அன்னைக்கு மட்டும் நல்ல விறகு போடுவோம். யூனிட்டை மூடிட்டா நாங்க எங்க தாயி போறது?” என்றார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. கூடவே வந்த சாரைச் சந்தேகப்பட்ட எனக்கு, தட்டில் மீன் வைத்தவர்களைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. துப்புக் கொடுத்தது நான்தான்.

கறுத்த தாளை ஒளிக்காமல் கொடுத்தேன். நடந்ததைப் பெரியவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். வடிகட்டி மாட்டும்வரை யூனிட் மூடிக்கிடந்தது, அத்தானுக்கு வேலை இல்லை. அக்கா இப்போது இன்ஹேலர் இல்லாமல் கடைத்தெரு போய்வருகிறாள். எனக்கு மட்டும் போன் பண்ணுவதில்லை.

அப்புறம்தான் பழைய உறைகளைத் தேடினேன். மூன்றாவது உறையின் பின்பக்கம் சாரின் பென்சில் எழுத்து: “வெள்ளை. நம்பும்படி இல்லை. யாருக்கும் சொல்லாமல் போய் மறுபடி எடுக்கணும்.” அதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக்குப் பதிலாக உறையை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. “அக்காவுக்கு இப்ப மூச்சு எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டார்.

உறையை இந்த இழுப்பறையிலேயே வைத்திருக்கிறேன். எந்தத் தாள் வெள்ளையாக வந்தாலும் முதலில் என் போனை எடுத்து, மெஷின் வைப்பதற்கு முதல்நாள் யாரிடம் பேசினேன் என்று பார்க்கிறேன்.