மூக்கண்ணன் வீட்டு அரவை மெஷின்

கேஸ் கம்பெனியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மூக்கண்ணன் என்றால்தான் தெரியும். மூக்கு பெரியது என்று நினைத்துவிடாதீர்கள். சராசரி மூக்குதான், கண்ணாடிகூட அதில் சரியாக நிற்காது. ஆனால் அந்த மூக்கு செய்த வேலையைக் கேட்டால் அசந்து போவீர்கள். நாலு மாடிக் கட்டிடத்தின் வாசலில் நின்று ஒரு மூச்சு இழுப்பார். "ரெண்டாவது மாடி, இடது பக்க வீடு" என்று சொல்லிவிட்டுப் படியேறுவார். கூட வந்தவர்கள் கசிவு காட்டும் கருவியை நீட்டிக்கொண்டே பின்னால் போவார்கள். அந்த வீட்டு அடுப்படிக்குள் நுழைந்த பிறகுதான் அது கீச்சென்று கத்தும். இருபத்தெட்டு வருடமாக இதே கதைதான்.

இப்படி நடந்தால் யாருக்குத்தான் கொஞ்சம் திமிர் வராது? அவருக்கும் வந்தது. அவருடைய கருவி பையிலேயே தூங்கியது. வீடுகளைச் சோதித்து நிரப்ப வேண்டிய படிவத்தில் 'கருவி காட்டிய அளவு' என்று ஒரு கட்டம் உண்டு. வாடை இல்லை என்றால் அதில் பூஜ்யம் போட்டுவிடுவார். யாராவது கேட்டால், "மூக்கு இருக்கிறவனுக்கு மெஷின் எதுக்குப்பா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். கருவியில் பேட்டரி தீர்ந்து எத்தனை காலம் ஆனது என்று அவருக்கே தெரியாது.

வீட்டில் மட்டும் ஒரு மெஷினுக்கு மரியாதை உண்டு. மகள் வேலைக்குப் போன முதல் வருடம் வாங்கி அனுப்பிய காபி அரவை மெஷின் அது. எஸ்பிரெஸோ என்கிற கெட்டிக் காபி போடுவதற்கென்றே செய்தது. உள்ளே பல் வெட்டிய இரண்டு எஃகு வட்டுகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். வெளியே இருக்கிற எண் வளையத்தைத் திருகினால் இடைவெளி கூடும், குறையும். எண் குறையக் குறையத் தூள் நைசாகும்.

தினமும் காலையில் அவர் அதன் முன்னால் நிற்கிற நிலையைப் பார்க்க வேண்டும். ஆபரேஷன் செய்யும் டாக்டர் தோற்றுப் போவார். சின்னத் தராசில் பதினெட்டு கிராம் கொட்டை. அதன் மேல் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர், அரைத்த தூள் பறந்துபோய் எல்லா இடத்திலும் ஒட்டாமல் இருக்க. வளையம் பதினாலில். தூளைக் கைப்பிடிக் கிண்ணத்தில் சமமாக அமுக்கி, காபி இறக்கும் இயந்திரத்தில் மாட்டி, கடிகாரத்தைப் பார்த்து இருபத்தெட்டு விநாடி. மெல்லிய நூலாகத் தேன் நிறத்தில் இறங்க வேண்டும். அதற்கு முன்னால், அரைத்த தூளின் மேல் குனிந்து கண்ணை மூடி ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சுக்காகத்தான் அவர் எழுந்திருப்பதே.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் திருகாணிகளைக் கழற்றி, வட்டுகளை வெளியே எடுத்து, பிரஷ்ஷால் இடுக்கெல்லாம் தட்டி, எண்ணெய்ப் பிசுக்கை உலர்ந்த துணியால் துடைப்பார். தண்ணீர் காட்டவே கூடாது, துரு ஏறிவிடும். அவர் மனைவி வாசற்படியில் சாய்ந்து நின்று பார்ப்பாள்.

"கல்யாணமாகி முப்பது வருஷத்துல என்னை ஒரு நாளாவது இப்படிக் கவனிச்சிருக்கீங்களா?"

"உனக்குப் பல்லு மழுங்கலையேம்மா. இன்னும் நல்லாத்தானே கடிக்கிற."

"வாயைப் பாரு!"

மூன்று மாதத்துக்கு முன்னால் அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் படுத்தார், சளி பிடித்து மண்டையெல்லாம் கனத்தது. எழுந்து வந்து முதல் காபி போட்டார். தூளின் மேல் குனிந்து மூச்சிழுத்தார். ஒன்றும் வரவில்லை. குடித்தார். சூடு தெரிந்தது, கசப்பு தெரிந்தது, அவ்வளவுதான்.

சளி போனால் சரியாகிவிடும் என்று யாரும் நினைப்பார்கள். சளி போயிற்று, வாசனை திரும்பவில்லை. இங்கேதான் மனிதர் கோட்டை விட்டார். மூக்கைச் சந்தேகப்பட வேண்டியவர் கொட்டையைச் சந்தேகப்பட்டார். வேறு கடையில் வாங்கினார், அதுவும் மண். பிறகு மெஷின் மேல் பழி. வட்டு மழுங்கிவிட்டது, தூள் சரியாக அரைபடவில்லை, அதனால்தான் சாரம் இறங்கவில்லை என்று தானே முடிவு கட்டினார். வளையத்தைப் பதிமூன்றுக்குக் கொண்டுவந்தார். பிறகு பன்னிரண்டு. பிறகு பத்து. புது வட்டு வாங்கி மாட்டினார். வாரத்துக்கு ஒருமுறை கழற்றியது போய் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கழற்றினார். காபி சொட்டுச் சொட்டாக, கரியாக இறங்கியது. இருபத்தெட்டு விநாடி ஒரு நிமிடத்தைத் தாண்டியது. அந்த விஷத்தை மனைவிக்கும் ஒரு கோப்பை நீட்டுவார்.

அவள் ஒரே ஒரு தடவை கேட்டாள். "ஏங்க, மூக்கு இன்னும் அடைச்ச மாதிரியே இருக்கோ? டாக்டர்கிட்ட ஒரு எட்டு காட்டிட்டு வந்துடலாமே?"

"மூக்குக்கு என்ன கேடு? நல்லாத்தான் இருக்கு. மெஷின்தான் சரியில்ல. தெரியாத விஷயத்துல தலையிடாத!"

முப்பது வருடத்தில் அப்படி அவர் எரிந்து விழுந்ததில்லை. அவள் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

அவருக்குத் தெரியாதா? தெரியும். உள்மனசுக்குத் தெரியும். கேஸுக்குத் தனியாக வாடை கிடையாது; கசிந்தால் தெரியட்டும் என்று அழுகிய முட்டை நாற்றம் கலந்துதான் குழாயில் அனுப்புவார்கள். அந்த நாற்ற மருந்து ஒரு சின்னப் புட்டியில் கம்பெனி அலமாரியில் இருக்கும். யாரும் இல்லாத நேரம் பார்த்து அதைத் திறந்து மூக்கருகே வைத்தார். தூரத்தில் இருந்த ஒருவர், "யாருப்பா அந்தப் பாட்டிலைத் திறந்தது, குடலைப் பிடுங்குது!" என்று கத்தினார். புட்டியைக் கையில் வைத்திருந்தவருக்கு வெறும் காற்று. மூடி வைத்துவிட்டு, மருந்து பழசாகிவிட்டது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். இதைவிடப் பச்சைப் பொய் இருக்க முடியுமா?

பயம்தான், வேறென்ன. வருடாந்திர மோப்பப் பரிசோதனைக்கு இரண்டு மாதம் இருந்தது. அதில் தவறினால் வெளிவேலை கிடையாது. கோப்பு அடுக்குகிற மேஜையில் உட்கார வேண்டும். உட்காரலாம், அதில் ஒன்றும் கேவலமில்லை. ஆனால் மூக்கு இல்லாத மூக்கண்ணன் யார்? அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல்தான் மனிதர் தினமும் அரவை வட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கருவியை எடுத்திருக்கலாமே என்பீர்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன். ஸ்டோரில் போய்ப் பேட்டரி கேட்டால் ஸ்டோர்காரர், "என்ன, மூக்கண்ணனுக்கே மெஷினா?" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை அவரால் தாங்க முடியாது. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் பழைய தோரணையிலேயே நின்று, கண்ணை மூடி, மூச்சை இழுத்தார். "ஒண்ணும் இல்ல" என்றார். பூஜ்யம் போட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை வளையம் ஆறில் இருந்தது. காபி வழக்கம் போல மண்ணாக இருந்தது. கோபத்தில் அவர் வளையத்தை மூன்றுக்குத் திருகினார். வட்டு இரண்டும் உரசுகிற அளவுக்கு நெருங்கியிருக்கும். கொட்டையைப் போட்டு ஸ்விட்சை அழுத்தினார். மெஷின் கொஞ்ச நேரம் அரைத்து, திணறி, நின்றுவிட்டது. உள்ளே மட்டும் உம்மென்று உறுமல். சிக்கியிருக்கும், தானாக விடும் என்று அவர் கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே நின்றார். தூள் வருகிறதா என்று மெஷினின் வாய்க்கு நேராகக் குனிந்து பார்த்தார்.

உள் அறையில் தலை வாரிக்கொண்டிருந்த மனைவி சீப்போடு ஓடிவந்தாள்.

"ஐயையோ, என்னங்க கருகுது? வீடே நாறுதே!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எங்க?"

அவள் பதில் சொல்லாமல் பாய்ந்து ப்ளக்கைப் பிடுங்கினாள். அப்போதுதான் அவர் பார்த்தார், மோட்டார் பக்கத்துத் துளைகளிலிருந்து மெல்லிசாகப் புகை வந்துகொண்டிருந்தது. அந்தப் புகைக்கும் அவர் மூக்குக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இல்லை. கண் எரிந்தது. மூக்குக்கு ஒன்றுமே தெரியவில்லை.

அவள் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா இப்படி?"

அவர் கீழே கிடந்த வயரை எடுத்துச் சுருட்டினார்.

"ரெண்டு மாசமா உங்க காபியை நான் சிங்க்ல ஊத்திட்டிருக்கேங்க. சொன்னா வருத்தப்படுவீங்கன்னு சொல்லல. எனக்கு அப்பவே சந்தேகம். நான் ஒரு மடச்சி, கத்தினாக் கத்தட்டும்னு கேட்டிருக்கணும்."

"காபியை விடும்மா" என்றார் அவர். "திங்கக்கிழமை ஒரு வீட்டுக்குப் போனேன். தையல்கார அம்மா. லேசா வாடை வருதுன்னு அவங்களே சொன்னாங்க. நான் மோந்து பார்த்துட்டு, ஒண்ணும் இல்ல, இஸ்திரிச் சூட்டுல துணி வாடைன்னு சொல்லிட்டு வந்தேன்."

சொல்லிவிட்டு அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவள்தான் பையைக் கொண்டுவந்து கருவியை எடுத்து அவர் மடியில் வைத்தாள். பொத்தானை அழுத்திப் பார்த்தாள், உயிர் இல்லை. வேறொன்றும் யோசிக்கவில்லை. காபித் தராசைக் கவிழ்த்து, அதன் இரண்டு பேட்டரிகளையும் பிடுங்கி, கருவிக்குள் போட்டாள். பச்சை விளக்கு எரிந்தது.

"எழுந்திரிங்க. நானும் வரேன்."

"நீ வேண்டாம். நான் போறேன்."

செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். பஸ்ஸுக்கு நிற்கவில்லை, ஆட்டோ பிடித்தார். வழியெல்லாம் கருவியை மடியில் வைத்து இறுகப் பிடித்திருந்தார். முன்னால் ஒரு தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு போனபோது தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். அது வேறு திசையில் திரும்பிற்று.

மூன்றாவது மாடி. வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. தையல் மெஷின் பக்கத்தில் பாவாடைத் துணிகள் குவிந்து கிடக்க, அந்த அம்மா இஸ்திரிப் பெட்டியின் வயரைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"வாங்க சார். என்ன, மறுபடியும்?"

அவர் கருவியை நீட்டிக்கொண்டு அடுப்படிப் பக்கம் நாலு எட்டு வைத்தார். கீச். இன்னொரு எட்டு. கீச், கீச், கீச். அலமாரிக்குப் பின்னால், குழாயும் ரப்பர் ட்யூபும் சேருகிற மூட்டருகே கொண்டுபோனபோது அது விடாமல் கத்தியது.

"அம்மா, அந்தப் பெட்டியைக் கீழ வைங்க. ஸ்விட்ச் எதையும் தொடாதீங்க. போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வெளிய வாங்க."

ஜன்னல்களைத் திறந்தார், படிக்கட்டருகே இருந்த வீட்டு வால்வை இறுக்கி மூடினார். அவசரத்தில் இரண்டு தடவை வால்வுச் சாவி வழுக்கியது. அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படிக்கட்டில் நின்றாள். பயந்தவள் போலத் தெரியவில்லை, குழம்பியவள் போலத் தெரிந்தாள்.

"அப்ப நிஜமாவே கசிஞ்சுதா? எனக்கு நாலு நாளும் வாடை வந்துட்டேதான் இருந்துச்சு சார். நீங்க வந்து பார்த்துட்டு இல்லன்னு சொல்லிட்டீங்க. அவ்வளவு பெரிய ஆளு சொல்றாரு, நமக்குத்தான் மூக்கு கெட்டுப்போச்சுன்னு நினைச்சு, பேசாம இருந்துட்டேன். பக்கத்து வீட்டுல கேக்கக்கூட வெக்கமா இருந்துச்சு."

அவருக்கு அழுகை வந்தது. அதை அடக்கிக்கொண்டு, "உங்க மூக்கு சரியாத்தாம்மா இருக்கு" என்றார். "உங்க மூக்கு ரொம்பச் சரி."

இரண்டு மாடி இறங்கிப்போய் மேற்பார்வையாளருக்குப் போன் செய்தார். வால்வை மூடியதைச் சொன்னார், அவசரக் குழுவை அனுப்பச் சொன்னார், கருவி காட்டிய அளவைச் சொன்னார்.

மறுமுனையில் சிரிப்புச் சத்தம். "அண்ணே, நீங்க எப்பலேர்ந்து மெஷினைத் தூக்கிட்டு அலைய ஆரம்பிச்சீங்க? அது பழைய மெஷின்ணே, சும்மாவே கத்தும். அதை விடுங்க. உங்க மூக்கு என்ன சொல்லுது?"

மூக்கண்ணன் படியில் உட்கார்ந்தார். கருவி இன்னும் கையில் இருந்தது, பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"என் மூக்கு ஒண்ணும் சொல்லலப்பா. மூணு மாசமா ஒண்ணுமே சொல்லல."

சிரிப்பு நின்றுவிட்டது.

"பேப்பர் எடுத்துக்கோ" என்றார் அவர். "இந்த மூணு மாசத்துல நான் பூஜ்யம் போட்ட வீடு அறுபத்திரண்டு. ஒவ்வொண்ணா சொல்றேன், எழுதிக்கோ. எல்லா வீட்டுக்கும் இன்னைக்கே ஆள் போகணும்."