கடைசிப் படகைத் தவறவிட்டோம்

ஐரோப்பா போவதற்கான விமானச் சீட்டுகளை ரொறன்ரோவில் மாசி மாதமே எடுத்துவிட்டோம். எங்கள் இருபத்தைந்தாவது கலியாண நாளுக்கான பயணம். வைகாசியில் ஊரில் போர் முடிந்தது. மனைவியின் தம்பி உயிரோடு முகாமில் இருக்கிறான் என்ற செய்தி ஆனி நடுவில்தான் வந்து சேர்ந்தது. அதுவரை அவள் எங்கள் டோர்செட் பார்க் வீட்டில், தொலைபேசிக்குப் பக்கத்துக் கதிரையிலேயே கண்ணயர்ந்து திடுக்கிட்டு எழும்புவாள். செய்தி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

"நான் வரேல்லை," என்றாள். "தம்பி முள்ளுக்கம்பிக்குள்ள. நாங்கள் ஊர் சுத்துறதோ?"

முகாமிலிருந்து யாருடைய கைத்தொலைபேசியிலோ தம்பி அழைத்தபோதும் அதையே சொன்னாள்.

"அக்கா, நீங்கள் வீட்டில இருந்தால் என்னை வெளியில விடுவாங்களோ? போயிட்டு வாங்கோ. வடிவான இடமாப் பாத்து எனக்குச் சொல்லுங்கோ."

அவன் வெளியே வர மேலும் எட்டு மாதங்கள் எடுத்தன. ஆனால் அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் அவள் சூட்கேஸைத் திறந்தாள்.

முதலில் இத்தாலியின் கடற்கரைக் கிராமங்கள். ரயில் குகைக்குள் புகுந்து வெளிவரும் ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டுக் கடல் தெரியும், உடனே அடுத்த குகை. மலைச்சரிவில் மஞ்சளும் செம்மண் நிறமுமாக வீடுகள். ஒரு வீட்டின் பச்சைச் சன்னலை வெகுநேரம் பார்த்த பிறகுதான் அது சுவரில் வரைந்த ஓவியம் என்று தெரிந்தது. சன்னலின் நிழலைக்கூட வரைந்திருந்தார்கள். பிறம்ரன் நகரத்துக் களஞ்சியங்களில் சன்னலே இல்லாத சுவர்களுக்குள் இருபது வருடம் வேலை செய்த எனக்கு, இல்லாத சன்னலுக்கு இவ்வளவு மினக்கெட்ட மனிதர்கள்மேல் பெரும் மதிப்பு வந்தது.

"ஓம், வடிவுதான்," என்று மனைவி சொல்வாள். சொல்லிவிட்டுக் கைத்தொலைபேசியைப் பார்ப்பாள்.

ஐந்தாம் நாள் வடக்கே, ஏரிப்பக்கம் போய், ஒரு ஹோட்டலில் பெட்டிகளை வைத்தோம். அங்கிருந்து படகில் போய் இறங்கிய கிராமத்தில் வாகனம் போகத் தெருவே இல்லை. கல்படிகள், இரண்டு பேர் உரசிப் போகும் ஒழுங்கைகள், சுவர்களுக்கு மேலால் எட்டிப் பார்க்கும் அலரிப் பூக்கள். எதிரே மலைகள் தண்ணீருக்குள் தலைகீழாக நின்றன. படகுத்துறை மரத்தடியில் கிடந்த நீள வாங்கில் அவளை இருத்திவிட்டு ஐஸ்கிறீம் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது வாய் சற்றே திறந்திருக்க, நல்ல நித்திரை. இரண்டு ஐஸ்கிறீமையும் நானே சாப்பிட்டேன்.

கடைசிப் படகு வந்தது. கயிற்றைப் பிடித்திருந்த படகுக்காரர் மணிக்கூட்டைத் தொட்டுக் காட்டினார். நான் மனைவியைக் காட்டினேன். அவர் கன்னத்தில் கையை வைத்து, தலையைச் சாய்த்து, "நித்திரையா?" என்பதுபோல் கேட்டார். ஆமென்று தலையாட்டினேன். சிரித்துக்கொண்டே, சத்தம் வராமல் கயிற்றை அவிழ்த்தார். துறையோரத்துக் கோப்பிக்கடைக்காரி ஒரு சால்வையைக் கொண்டுவந்து அவள்மேல் போர்த்திவிட்டாள்.

ஒன்றரை மணித்தியாலம் கழித்து மனைவி எழும்பினாள். வெயில் இன்னும் மலை உச்சியில் இருந்தது.

"படகு எங்க?"

"போயிட்டுது."

"ஏனப்பா எழுப்பேல்லை? உடுப்பெல்லாம் ஹோட்டல்ல!"

"நீர் குறட்டை விட்டீர். அந்தப் படகுக்காரருக்கே எழுப்ப மனம் வரேல்லை."

முறைத்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கி, கண்ணீர் வரும்வரை சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ மாதம்.

கோப்பிக்கடைக்காரியே தன் சகோதரி வீட்டு மேல்மாடியில் ஓர் அறை ஒழுங்கு செய்து தந்தாள். ஏரி மீனைப் பொரித்து எலுமிச்சம்புளி விட்டுத் தந்தார்கள். மறுநாள் நான் மட்டும் படகில் போய்ப் பெட்டிகளை எடுத்து வந்தேன். பார்க்க இருந்த மிச்ச நாலு ஊரையும் விட்டுவிட்டு, மூன்று நாள் அங்கேயே தங்கி நின்றோம். ஒவ்வொரு காலையும் தேவாலய மணி அடிக்கும்வரை அவள் தூங்கினாள். மூன்றாம் நாள் நான் கண் விழித்தபோது கட்டிலில் அவளைக் காணவில்லை. சன்னலால் பார்த்தேன். கையில் பேக்கரியில் வாங்கிய சுடச்சுடப் பாணோடு, படிகளில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் இத்தாலிய மொழியில் காலை வணக்கம் சொல்லிக்கொண்டு ஏறி வந்துகொண்டிருந்தாள்.